அட்லாண்டிக்கின் அக்கரையில் ஆங்கிலேயர்

அயல்நாடு செல்பவர் எவரும் முதலில் அஞ்சுவது மொழியை நினைத்துத்தான். லண்டனிலிருந்து நியூயார்க்குக்குப் புறப்படும் ஆங்கிலேயருக்கு அந்த அச்சம் இல்லை. தம் தாய்மொழியே அங்கும் வழங்குகிறது. தம் நாட்டுச் சட்டத்தின் சாயலும் அங்கே உண்டு. அந்நகரின் தெருக்களோ சிறு வயது முதல் திரைப்படங்களில் பார்த்துப் பழகியவை. ஆகவே அடுத்த தெருவிலுள்ள உறவினர் வீட்டுக்குப் போவது போன்ற மனநிலையில் அவர் விமானம் ஏறுகிறார்.

ஆனால் இறங்கிய முதல் நாளிலேயே, உணவகத்தில் வைக்கும் தண்ணீர்க் குவளை முதல் தெருவோர விளக்கு வரை ஒவ்வொன்றும் அவரைத் திகைக்க வைக்கிறது. ஜப்பானுக்குச் செல்பவர் விந்தைகளை எதிர்பார்த்தே செல்கிறார். இவரோ எதிர்பாராத இடத்தில் அவற்றைச் சந்திக்கிறார். அவற்றுள் எவை நகைத்துவிட்டுப் பழகிக்கொள்ள வேண்டிய வெறும் வழக்கங்கள், எவை நின்று சிந்திக்க வேண்டிய செய்திகள் என்பதைப் பிரித்தறிவதே அப்பயணத்தின் கடினமான பகுதி. அன்பார்ந்த வாசகர்களே, அந்த ஆங்கிலேயருடன் நாமும் சிறிது தூரம் சென்று வருவோம்.

கடல் வழியும் வான் வழியும்

நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், 1842 ஜனவரித் தொடக்கத்தில் தம் மனைவியுடன் லிவர்பூல் துறைமுகத்தில் 'பிரிட்டானியா' என்னும் நீராவிக் கப்பலில் ஏறினார். அவர்களுக்குக் கிடைத்த அறை அவர் கற்பனை செய்து வைத்திருந்ததைவிட எவ்வளவோ சிறியது. குளிர்காலப் புயலும் கொந்தளிப்பும் நிறைந்த அக்கடலைக் கடந்து, அம்மாதம் 22-ஆம் நாள் அவர் பாஸ்டன் நகரை அடைந்தார். அக்காலத்தில் அதுவே விரைவான பயணம்.

1919 ஜூன் மாதத்தில் ஜான் ஆல்காக், ஆர்தர் பிரவுன் என்னும் இரு விமானிகள் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து புறப்பட்டு, எங்கும் தங்காமல் ஏறத்தாழ பதினாறு மணி நேரம் பறந்து அயர்லாந்தின் கிளிஃப்டன் அருகே ஒரு சதுப்பு நிலத்தில் இறங்கினர். 1958 அக்டோபர் 4-ஆம் நாள் 'காமெட்' என்னும் பிரித்தானிய ஜெட் விமானம் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே பயணிகளை ஏற்றிப் பறந்தது. மேற்கு நோக்கிச் சென்ற விமானம் வழியில் கேண்டர் என்னும் இடத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. 1977 முதல் 2003 வரை இவ்வழியில் பறந்த 'கான்கார்டு' விமானமோ சுமார் மூன்றரை மணி நேரத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டியது. இரு நகரங்களுக்கும் ஐந்து மணி நேர வேறுபாடு இருப்பதால், அதில் சென்றவர் லண்டனில் புறப்பட்ட நேரத்துக்கு முந்திய நேரத்தை நியூயார்க்கின் கடிகாரத்தில் கண்டார்!

கான்கார்டு செல்வர்களுக்குரியது. எளியவர்களுக்கு வழி திறந்தவர் ஃபிரெடி லேக்கர் என்னும் தொழிலதிபர். 1977 செப்டம்பரில் அவர் தொடங்கிய 'ஸ்கைட்ரெயின்' சேவையில் லண்டனிலிருந்து நியூயார்க் செல்ல ஒருவழிக் கட்டணம் 59 பவுன். முன்பதிவு கிடையாது, வரிசையில் நின்று அன்றன்றே சீட்டு வாங்க வேண்டும், உணவுக்குத் தனியே பணம் கொடுக்க வேண்டும். 1982-இல் அந்நிறுவனம் நொடித்துப்போயிற்று. எனினும், பேருந்தில் ஏறுவது போல அமெரிக்காவுக்குப் போகலாம் என்ற எண்ணத்தை அது சாமானிய ஆங்கிலக் குடும்பங்களின் நெஞ்சில் விதைத்துவிட்டது.

இன்று அப்பயணம் ஏறக்குறைய எட்டு மணி நேரம். உலகப் படத்தில் நேர்க்கோடாகத் தோன்றும் வழியை விமானம் பின்பற்றுவதில்லை. பூமி உருண்டையாதலால் வடக்கே வளைந்து செல்லும் வழியே குறுகிய வழி. ஆகவே அயர்லாந்தைத் தாண்டி, கிரீன்லாந்தின் தென்திசையில் பறந்து, நியூஃபவுண்ட்லாந்தின் பக்கமாக விமானம் கீழிறங்கி வருகிறது. முற்பகலில் புறப்பட்டவர் சூரியனைத் துரத்திக்கொண்டே பறப்பதால், இருமுறை உணவு உண்டு, ஒரு திரைப்படம் பார்த்து, ஓர் உறக்கமும் உறங்கி எழுந்த பின்னும் பகல் முடிந்தபாடில்லை. லண்டனில் வீட்டார் இரவு உணவுக்கு அமரும் வேளையில், இவர் நியூயார்க்கின் பிற்பகல் வெயிலில் இறங்குகிறார்.

வாசலில் ஒரு வினாத்தாள்

பிரித்தானியக் குடிமக்கள் குறுகிய காலப் பயணத்துக்கு அமெரிக்க விசா பெற வேண்டியதில்லை. இச்சலுகைத் திட்டத்தில் 1988-இல் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட நாடு அவர்களுடையதே. ஆயினும் 2009 முதல், புறப்படும் முன்பே 'எஸ்டா' என்னும் மின்னணு அனுமதியைக் கேட்டுப் பெற வேண்டும். அதிலுள்ள கேள்விகளைப் படிக்கும் ஆங்கிலேயர் புன்முறுவல் பூக்கிறார். "பயங்கரவாதத்திலோ உளவு வேலையிலோ இனப்படுகொலையிலோ ஈடுபட்டதுண்டா?" என்ற பொருளில் கேட்டால், உண்மையான குற்றவாளி 'ஆம்' என்று எழுதுவானா?

இச்சிரிப்புக்கு ஒரு நூறாண்டு வரலாறு உண்டு. நம் வாசகர் பலர் அறிந்த எழுத்தாளர் ஜி. கே. செஸ்டர்டன் 1921-இல் முதன்முறையாக அமெரிக்கா சென்றார். அதற்காக அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் கொடுக்கப்பட்ட படிவத்தில், 'நீர் அராஜகவாதியா?', 'பலதார மணம் கொள்பவரா?' என்றெல்லாம் வினவப்பட்டிருக்கக் கண்டு அவர் வாய்விட்டு நகைத்தார். 1922-இல், அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த அதே ஆண்டில், 'அமெரிக்காவில் நான் கண்டவை' என்னும் பொருள்படும் அவரது நூல் வெளிவந்தது. அதன் தொடக்கத்திலேயே இச்செய்தியைக் கூறும் அவர், நகைப்போடு நிறுத்திவிடவில்லை. அயலாரின் வழக்கத்தைக் கண்டு சிரிப்பதில் தவறில்லை; சிரிப்பு வந்துவிட்ட காரணத்தால் அவ்வழக்கத்தையே தவறென்று முடிவு கட்டுவதுதான் தவறு என்பது அவர் கருத்து. பிறகு அவர் காரணத்தைத் தேடினார். பிற நாடுகள் ஒரே இனத்தாலும் நெடிய வரலாற்றாலும் உருவானவை. அமெரிக்காவோ 1776-ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதப்பட்ட ஒரு கொள்கையை அடிப்படையாகக் கொண்டு எழுந்த நாடு. எல்லா இனத்தாரையும் உள்ளே விட நினைக்கும் வீடு, வருபவரின் நிறத்தைக் கேளாமல் நம்பிக்கையைக் கேட்கிறது என்று அவர் கண்டார்.

நடைமுறையில் அமெரிக்கா அக்கொள்கைக்கு எப்போதும் உண்மையாக இருந்ததில்லை என்பது வேறு செய்தி. ஆயினும் முதலில் சிரித்து, பின்பு காரணம் தேடிய அந்த முறை, இப்பயணம் முழுவதற்கும் கைவிளக்காக உதவும். வீட்டு வாசல்களிலும் கடைகளிலும் கொடி பறப்பதைக் காணும் ஆங்கிலேயர் இதை மிகை என்று எண்ணுகிறார். தம் நாட்டில் மக்களின் பற்றை ஏற்றுக்கொள்ள அரச குடும்பம் ஒன்று இருக்கிறது. அரசரில்லாத நாட்டில் அவ்விடத்தைக் கொடி பிடித்துக்கொண்டது என்று எண்ணிப் பார்த்தால் அந்த வியப்பு அடங்கிவிடும்.

ஒரே சொல், வேறு பொருள்

தாய்மொழி கைகொடுக்கும் என்ற நம்பிக்கை முதலில் ஆட்டம் காண்கிறது. 'பேவ்மென்ட்' என்பது இங்கிலாந்தில் மக்கள் நடக்கும் நடைபாதை. அமெரிக்காவில் வாகனங்கள் ஓடும் சாலையின் மேற்பரப்பு! 'பிஸ்கட்' கேட்டால் மென்மையான ஒருவகை ரொட்டி வருகிறது. 'சிப்ஸ்' கேட்டால் சூடான உருளைக்கிழங்குத் துண்டுகளுக்குப் பதிலாக மொறுமொறுப்பான வறுவல் பொட்டலம் கிடைக்கிறது. முதல் மாடிக்குப் போகச் சொன்னால் படியேறக் கூடாது. அங்கே தரைத்தளமே முதல் மாடி. தேதியை எழுதும்போது மாதத்தை முன்னே எழுதுவதால், 4/7 என்பது ஆங்கிலேயருக்கு ஜூலை நான்காம் நாள், அமெரிக்கருக்கு ஏப்ரல் ஏழாம் நாள். லிஃப்ட், பெட்ரோல் என்று ஆங்கிலேயரிடம் கற்ற சொற்களையே வழங்கும் நம்மவர்க்கும் அங்கே இதே தடுமாற்றம் உண்டு.

இவற்றை அமெரிக்கர் செய்த சிதைவு என்று கூறுவது இங்கிலாந்தில் பழகிப்போன பேச்சு. உண்மை எப்போதும் அப்படியில்லை. இலையுதிர் காலத்தை அமெரிக்கர் 'ஃபால்' என்பர். அது முற்கால இங்கிலாந்தில் வழங்கிய சொல்லே. கால்பந்துக்கு 'சாக்கர்' என்ற பெயரும் இங்கிலாந்திலேயே பிறந்தது. தாய்வீடு மறந்துவிட்ட பழைய பாத்திரத்தைப் புகுந்த வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும் மகளைப் போல, அமெரிக்கா சில சொற்களைக் காத்து வைத்திருக்கிறது.

பேசும் முறையும் வேறு. ரயிலில் எதிரே அமர்ந்திருப்பவரிடம் ஒரு சொல்லும் பேசாமல் பயணம் செய்வது ஆங்கிலேயரின் பண்பு. அமெரிக்கக் கடையில் பணம் பெறும் பெண், "எப்படியிருக்கிறீர்கள்?" என்று முகமலர்ந்து கேட்கிறாள். வரிசையில் நிற்பவர் ஊரும் பேரும் விசாரிக்கிறார். இது போலி நட்போ என்று வந்தவர் முதலில் ஐயுறுகிறார். வழி தெரியாமல் நின்றபோது ஒருவர் தம் வேலையை விட்டுவிட்டுக் கூடவே நடந்து வந்து வழி காட்டினால், அந்த ஐயம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

தேநீரும் தெருவும்

ஆங்கிலேயரின் பெரிய ஏக்கம் தேநீர். விடுதி அறையில் காப்பி தயாரிக்கும் கருவி இருக்கும். தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலைத் தேட வேண்டும். கிடைத்தாலும் அது மெதுவாகவே கொதிக்கும். இங்கிலாந்தில் மின்னழுத்தம் 230 வோல்ட். அமெரிக்காவில் 120 வோல்ட். ஆதலால் அங்குள்ள கெட்டிலுக்குக் கிடைக்கும் ஆற்றல் ஏறக்குறையப் பாதிதான். தென் மாநிலங்களில் 'டீ' என்று கேட்டால் பனிக்கட்டியும் சர்க்கரையும் நிறைந்த குளிர்பானமாகவே பெரும்பாலும் வரும். காலை உணவு வேளையிலோ ஒரு தேர்வே நடக்கிறது. முட்டையை ஒருபுறம் மட்டும் பொரிப்பதா, திருப்பிப் போடுவதா. ரொட்டி வெள்ளையா, கோதுமையா, கம்பரிசியா என்று கேள்விகள் தொடர்கின்றன. தட்டில் வரும் உணவோ இருவருக்குப் போதும். மிஞ்சியதைப் பெட்டியில் கட்டித் தரச் சொல்வதற்கு அங்கே எவரும் கூச்சப்படுவதில்லை. உணவை வீணாக்காத அவ்வழக்கம் போற்றத்தக்கதே.

தெருவில் வாகனங்கள் வலப்புறம் ஓடுகின்றன. சாலையைக் கடக்கும் ஆங்கிலேயர் பழக்க தோஷத்தால் வலப்பக்கம் பார்க்க, வண்டி இடப்பக்கத்திலிருந்து வருகிறது. 'காலன்' என்ற அளவும் ஒன்றல்ல: பிரித்தானியக் காலன் 4.5 லிட்டருக்குச் சற்று மிகுதி. அமெரிக்கக் காலன் 3.8 லிட்டருக்குச் சற்றுக் குறைவு.

வாடகைக் காரில் செல்பவர் கட்டாயம் அறிய வேண்டியது மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்தைப் பற்றி. அது நின்று சிவப்பு விளக்குகள் மின்னத் தொடங்கினால், பின்னால் வரும் வாகனங்கள் மட்டுமன்றி எதிரே வருபவையும் நின்றுவிட வேண்டும். நடுவே தடுப்புள்ள பெருஞ்சாலைகளில் மட்டும் பெரும்பாலும் விலக்கு உண்டு. கடைசிக் குழந்தை பாதுகாப்பாகச் சாலையைத் தாண்டும் வரை எவரும் அசையக் கூடாது. அப்பேருந்தின் நிறத்தையும் பொதுத் தரங்களையும் வகுப்பதற்கு 1939-இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் பேராசிரியர் ஃபிராங்க் சைர் ஒரு மாநாடு கூட்டினார். அதிகாலை மங்கலிலும் தொலைவிலிருந்தே கண்ணில் படும் நிறம் என்பதால் மஞ்சள் தேர்ந்தெடுக்கப்பட்டது. அவசரத்துக்குப் பேர்போன நாடு, ஒரு சிறுமி சாலையைக் கடப்பதற்காக மொத்தமாய் நின்றுவிடும் காட்சி ஆங்கிலேயருக்குப் புதிது.

விலைப்பட்டியலில் இல்லாத விலை

கடையில் பத்து டாலர் என்று எழுதியிருக்கும். கொடுக்கும்போது அதைவிட மிகுதியாகக் கேட்பார்கள். இங்கிலாந்தில் எழுதிய விலையிலேயே வரி அடங்கிவிடும். அமெரிக்காவில் மாநிலமும் மாவட்டமும் நகரமும் தனித்தனியே விற்பனை வரி விதிக்கலாம். கடைசியில்தான் அது சேர்க்கப்படும். நியூயார்க் நகரில் அது 8.875 விழுக்காடு, ஆரிகான் மாநிலத்தில் அறவே இல்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று எண்ணும் பயணி, இது அம்மாநிலங்களின் தன்னாட்சி உரிமையின் விளைவு என்பதை உணர்ந்தால் அமைதி அடைவார்.

உணவகத்தில் கொடுக்கும் 'டிப்ஸ்' அப்படிப்பட்டதன்று. இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். இங்கிலாந்தில் பரிமாறியவருக்குக் கொடுக்கும் அன்பளிப்பு, திருப்திக்கு அடையாளமாகத் தரும் சிறு தொகை. அமெரிக்காவிலோ உணவுக் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை எதிர்பார்க்கப்படுகிறது. 20 டாலர் உணவு, வரியும் இதுவும் சேர்ந்தால் 26 டாலரை நெருங்கிவிடும். "பேராசை பிடித்தவர்கள்" என்று முணுமுணுத்து ஒரு டாலரை மட்டும் வைத்துவிட்டு எழும் பயணிகளும் உண்டு.

அந்தப் பணிப்பெண்ணின் ஊதியத்தை அறிந்தால் அவர்கள் அவ்வாறு எழமாட்டார்கள். அமெரிக்க மத்தியச் சட்டப்படி, டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி தம் கையிலிருந்து கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991 முதல் இத்தொகை மாறவேயில்லை. மற்றத் தொழிலாளருக்கு 2009 முதல் 7.25 டாலர். டிப்ஸ் சேர்த்தும் அந்த அளவை எட்டாவிட்டால் குறையை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. ஆனால் அதைக் கணக்கிட்டுக் கேட்கும் துணிவு எத்தனை ஊழியருக்கு இருக்கும்? கலிபோர்னியா, வாஷிங்டன் போன்ற சில மாநிலங்கள் இவ்வேற்றுமையை ஒழித்து முழுக் கூலியையே கொடுக்கச் செய்துள்ளன. பல மாநிலங்களில் இன்னும் அந்தக் குறைந்த தொகையே. இங்கிலாந்தில் 2009 அக்டோபர் முதல் டிப்ஸைக் குறைந்தபட்சக் கூலியின் பகுதியாகக் கணக்கிட முதலாளிக்கு உரிமையில்லை.

ஆகவே அந்த மேசையில் வைக்கும் பணம் தருமமும் அல்ல, வெகுமதியும் அல்ல. ஒரு தொழிலாளியின் கூலி. அதை மறுப்பவர் அந்நாட்டின் வழக்கத்தைத் தண்டிப்பதாக நினைத்து, அன்று காலை முதல் நின்றுகொண்டே உழைத்த ஒருத்தியைத் தண்டிக்கிறார். முறை தவறென்று கூற அவருக்கு உரிமையுண்டு. ஆனால் முதலில் கூலியைக் கொடுத்துவிட்டுக் கூற வேண்டும்.

நோயுற்றால்

ஆங்கிலேயர் தம் நாட்டில் நினைத்தும் பாராத ஒன்று, அமெரிக்கா புறப்படும்போது மனத்தில் வந்து நிற்கிறது. கீழே விழுந்து எலும்பு முறிந்தால் என் செய்வது? 1948 ஜூலை 5-ஆம் நாள், சுகாதார அமைச்சர் அனூரின் பெவன் காலத்தில் பிரித்தானியாவின் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. அன்று முதல் மருத்துவமனை வாசலில் பணம் கேட்பதில்லை. மூன்று தலைமுறையினர் அவ்வாறே வளர்ந்துவிட்டனர். சிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பது அவர்களது நீங்காத மனக்குறை. ஆயினும் மருத்துவச் செலவுக்காக வீட்டை விற்கும் அச்சத்தை அவர்கள் அறியார்.

அமெரிக்க மருத்துவமனைகள் பல, திறமையில் உலகின் முன்வரிசையில் நிற்பவை. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவசர நிலையில் வருபவரைப் பணமில்லை என்ற காரணத்தால் திருப்பி அனுப்பலாகாது. ஆனால் சிகிச்சைக்குரிய கணக்கு பிறகு வரும். சில நாள் படுக்கைக்கே பல ஆயிரம் டாலர் ஆகக்கூடும். எனவே பயணக் காப்பீடு இல்லாமல் புறப்பட வேண்டாம் என்று அனுபவசாலிகள் எச்சரிக்கின்றனர். அமெரிக்காவிலுள்ள பிள்ளைகளைக் காணச் செல்லும் நம் பெற்றோருக்கும் இவ்வெச்சரிக்கை முழுதும் பொருந்தும். பயணி காப்பீட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கவலையின்றித் திரியலாம். அந்நாட்டில் வாழ்பவர்களிலேயே இரண்டு கோடிக்கும் மேற்பட்டோருக்குக் காப்பீடு இல்லை என்பதையும் அவர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

டிக்கன்ஸ் திரும்பிச் சென்றது

ஊர் திரும்பும் விமானம் பெரும்பாலும் இரவில் புறப்படுகிறது. மேற்கிலிருந்து வீசும் உயர்வானக் காற்று பின்னிருந்து தள்ளுவதால், வந்ததைவிட ஒரு மணி நேரமாவது குறைவாகவே ஆகும். 2020 பிப்ரவரியில் புயற்காற்றின் உதவியால் ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஐந்து மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்ததும் உண்டு. பாதி உறக்கத்தில் காலைத் தேநீர் வருகிறது. அது அவர் ஏங்கியிருந்த சூடான தேநீர்.

இவ்விடத்தில் டிக்கன்ஸை மீண்டும் நினைவுகூர்வது தகும். 1842-இல் ஊர் திரும்பியதும் அவர் எழுதிய பயண நூலில், அமெரிக்கர் கண்ட இடமெல்லாம் புகையிலை எச்சிலைத் துப்புவதை ஏளனம் செய்தார். பாஸ்டனில் கண்பார்வையற்றோருக்கான பள்ளியைக் கண்டு மனமாரப் புகழ்ந்தார். அடிமை முறையைப் பற்றியோ ஒரு தனி அதிகாரமே எழுதிக் கடுமையாகக் கண்டித்தார். அமெரிக்கர் பலர் சினந்தனர். 1867-இல் மீண்டும் அங்கே சென்ற அவர், இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளில் அந்நாட்டில் நேர்ந்திருந்த மாறுதல்களைக் கண்டார். 1868 ஏப்ரலில் நியூயார்க்கில் நடந்த பிரிவுபசார விருந்தில் அவற்றை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டு, தமக்குக் கிடைத்த அன்பையும் மரியாதையையும் பற்றிய அச்சான்றை அமெரிக்காவைப் பற்றிய தம் இரு நூல்களின் இனிவரும் பதிப்புகள் அனைத்திலும் சேர்ப்பதாக வாக்களித்தார், அவ்வாறே சேர்க்கப்பட்டது. அடிமை முறையைக் கண்டித்த அதிகாரத்தை அவர் நீக்கவில்லை. 1865-இல் அமெரிக்காவே அம்முறையைச் சட்டத்தால் ஒழித்துவிட்டிருந்தது.

எச்சில் துப்பியதும் அடிமைச் சந்தையும் அவருக்கு ஒரே எடையில் இருக்கவில்லை. இன்றைய பயணிக்கும் அந்தத் தராசு வேண்டும். பனிக்கட்டி நிறைந்த குவளையும் பின்முன்னாக எழுதிய தேதியும் எவரையும் துன்புறுத்துவதில்லை. அவற்றைக் கண்டு சிரிக்கலாம், இரண்டே நாளில் பழகியும் கொள்ளலாம். மணிக்கு 2.13 டாலர் கூலியும், நோயைவிட மருத்துவமனைக் கணக்குக்கு அஞ்சும் ஏழையும் அத்தகையவை அல்ல. மஞ்சள் பேருந்துக்காக இரு திசையிலும் நின்ற வாகன வரிசையோ, ஊருக்குக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டிய நற்செய்தி. இனி அமெரிக்கா சென்று திரும்புபவர் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கதை சொல்லும்போது, வானளாவிய கட்டடங்களைப் பற்றிக் கேட்டு முடித்தபின், அங்கே உணவு பரிமாறியவர் எப்படி வாழ்கிறார் என்றும் ஒரு கேள்வி கேட்டு வைப்போம்.